விடுபட்டவர் கணக்கு

சில வருஷங்களுக்கு முன்னால், வீடு வீடாகப் போய் விவரம் சேகரிக்கிற ஒரு கணக்கெடுப்பில் வேலை பார்த்தேன். கையில் ஒரு டேப்லெட், அதில் நூற்றுச் சொச்சம் கேள்விகள், ஒரு வீட்டை முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன வயது, யார் எதுவரை படித்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே வரும்போது நடுவில், "உங்கள் வீட்டில் மாற்றுத்திறனாளிகள் யாராவது இருக்கிறார்களா?" என்று ஒரு கேள்வி வரும். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த அம்மா யோசிக்கவே இல்லை. "இல்லைம்மா, அப்படி யாரும் இல்லை" என்றார். நானும் 'இல்லை' என்று தட்டிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டேன்.

அந்தப் படிவத்தின் பிற்பகுதியில் வேறு ஆறு கேள்விகள் இருந்தன. அவற்றில் ஊனம், மாற்றுத்திறன் என்ற சொற்களே வராது. கண்ணாடி போட்டிருந்தாலும் பார்ப்பதில் சிரமம் உண்டா? காது கேட்கும் கருவி வைத்திருந்தாலும் கேட்பதில் சிரமம் உண்டா? நடப்பதில், படியேறுவதில்? ஞாபகம் வைத்துக்கொள்வதில்? குளிப்பது, உடுத்துவது போன்ற சொந்த வேலைகளில்? மற்றவர் சொல்வதைப் புரிந்துகொள்வதில், தான் நினைப்பதைச் சொல்லிப் புரியவைப்பதில்? ஒவ்வொன்றுக்கும் நாலே பதில்கள்தான்: சிரமம் இல்லை, கொஞ்சம் சிரமம், ரொம்பச் சிரமம், முடியவே முடியாது. வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மாமனாரின் முறை வந்தது. அவர் அந்த அறையிலேயே சுவரோரமாக உட்கார்ந்து நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முதல் கேள்விக்கே அந்த அம்மா, "முடியவே முடியாது" என்றார்.

"முன்னாடி கேட்டப்ப இல்லைன்னு சொன்னீங்களேம்மா?"

"அவருக்குக் கண்ணு தெரியாது, அவ்வளவுதான். ஊனமெல்லாம் இல்லைம்மா. வயசாச்சுல்ல."

அவர் எதையும் மறைக்கவில்லை. ஊனம் என்றால் அவர் மனதில் வேறொரு படம் இருந்தது, அதில் தன் மாமனாரைப் பொருத்திப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை, ஒருவேளை அப்படிச் சொல்வது பெரியவருக்கு மரியாதைக் குறைவு என்றும் நினைத்திருக்கலாம். ஆனால் படிவத்தில் அந்த முதல் கேள்வி மட்டும் இருந்திருந்தால், பார்வையில்லாத ஒரு மனிதர் என் கண் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே, என் கையாலேயே, கணக்கிலிருந்து காணாமல் போயிருப்பார். அன்றைக்கு ராத்திரி எனக்கு இதுதான் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அதற்கு முன்னால் எத்தனை வீடுகளில் எத்தனை பேரை இப்படித் தட்டிவிட்டு வந்திருப்பேன்?

அந்த ஆறு கேள்விகளை யாரோ போகிற போக்கில் எழுதிவிடவில்லை. 2001-ல் ஐ.நா. புள்ளிவிவர ஆணையத்தின் கீழ் அமைந்த வாஷிங்டன் குழு என்ற குழு, பல நாடுகளில் கேட்டுப் பார்த்து, திருத்தி, உருவாக்கியவை அவை. ஒருவரைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்காமல் உங்களால் எது முடிகிறது, எது முடியவில்லை என்று கேட்பதுதான் அவற்றின் அடிப்படை. இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஆள் உடலாலோ மனதாலோ ஊனமுற்றவரா என்று நேரடியாகக் கேட்டது, கிடைத்த விடை மக்கள்தொகையில் 2.21 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கை, உலகம் முழுக்க 130 கோடிப் பேர், அதாவது ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க ஊனத்தோடு வாழ்கிறார்கள் என்கிறது. இந்த வித்தியாசம் முழுவதும் கேள்வியால் வந்ததில்லை, வரையறைகளே வேறு வேறு. ஆனாலும் 2 சதவீதம் எங்கே, 16 சதவீதம் எங்கே! பள்ளிக்கூடத்துக்குச் சாய்தளம் கட்டுவதா வேண்டாமா, பஸ்ஸின் படியை எவ்வளவு உயரத்தில் வைப்பது, ஓய்வூதியத்துக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்பதையெல்லாம் இந்த எண்ணை வைத்துத்தானே முடிவு செய்கிறார்கள்.

வளரும் நாடுகளின் முன்னேற்றத்தைப் பற்றி யார் பேசினாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான். எத்தனை பேருக்குக் கிடைத்தது என்ற எண் எந்த அறிக்கையிலும் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருக்கும். யார் விடுபட்டார் என்பது கடைசிப் பக்கத்தில்கூட இருக்காது. அதை எழுத வேண்டுமென்றால் அவர்கள் முதலில் ஏதாவது ஒரு பட்டியலில் இருந்தாக வேண்டும். உலக வங்கி 2023-ல் சொன்ன மதிப்பீட்டில் அரசு அங்கீகரித்த அடையாளச் சான்று எதுவுமே இல்லாதவர்கள் ஏறக்குறைய 85 கோடிப் பேர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பிறப்பே பதிவாகாதவர்கள் 15 கோடி என்று யுனிசெஃப் 2024-ல் சொன்னது. பிறந்ததே பதிவாகாத குழந்தைக்குத் தடுப்பூசி விடுபட்டது எந்தக் கணக்கில் வரும்?

2015 செப்டம்பரில் 193 நாடுகள் சேர்ந்து நீடித்த வளர்ச்சி இலக்குகளை ஏற்றுக்கொண்டன, 17 இலக்குகள், 169 குறிக்கோள்கள், பெரும்பாலானவை 2030-க்குள். யாரையும் பின்னால் விட்டுவிட மாட்டோம் என்ற அதன் வாசகம் எல்லோருக்கும் தெரியும், சுவரொட்டிகளில்கூட வந்துவிட்டது. அதே தீர்மானத்தில் அதே பத்தியிலேயே இன்னொரு வாக்கியமும் இருக்கிறது: எல்லோருக்கும் பின்னால் இருப்பவரை முதலில் சென்றடைய முயல்வோம் என்று. இந்த வாக்கியத்தைச் சுவரொட்டியில் நான் பார்த்ததே இல்லை. இரண்டுக்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. யாரையும் விட மாட்டோம் என்றால் சுலபமாக எட்டக்கூடியவர்களிடமிருந்து ஆரம்பித்து, மெல்ல மெல்லக் கடைசிக்குப் போகலாம், பணமும் வருஷமும் தீர்ந்துபோனால் கடைசி ஆள் அடுத்த திட்டத்துக்குக் காத்திருக்கட்டும். கடைசியில் இருப்பவர்தான் முதலில் என்றால் வேலையே தலைகீழாக ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

இந்த இரண்டாவது வாக்கியத்தை ஏன் யாரும் கையில் எடுப்பதில்லை? என் அனுபவத்தில் எனக்குப் பட்ட காரணம் ஒன்றுதான், பயம். எந்த உதவித் திட்டத்திலும் இரண்டு விதமான தவறு நடக்கலாம். தகுதியில்லாதவர் உள்ளே வந்துவிடுவது ஒன்று, தகுதியுள்ளவர் வெளியே நின்றுவிடுவது இன்னொன்று. முதல் தவறு நடந்தால் செய்தி வரும், தணிக்கை வரும், கையெழுத்துப் போட்ட அதிகாரிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். இரண்டாவது தவறு நடந்தால் ஒன்றுமே வராது, ஏனென்றால் விடுபட்டவருக்கு எந்த அலுவலகத்தில் போய்க் கேட்பது என்று தெரியாது, தெரிந்தாலும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போக முடியாது. அதனால் எல்லாத் திட்டங்களும் முதல் தவறுக்குப் பயந்தே கட்டப்படுகின்றன. ஒரு சான்றுக்கு மூன்று சான்று, அதற்கு மேல் ஒரு விரல் ரேகை.

விரல் ரேகை என்றதும் ஒரு பாட்டியின் கைதான் நினைவுக்கு வருகிறது. ஓய்வூதியம் கொடுக்கிற இடத்தில் எனக்கு முன்னால் வரிசையில் நின்றார். ஆயுசு முழுக்கச் செங்கல் தூக்கிய கை, ரேகையெல்லாம் தேய்ந்து, விரல் நுனி கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. "இன்னொரு விரல் வைங்க பாட்டி" என்று அந்தப் பையன் பொறுமையாகத்தான் சொன்னான், அவன்மேல் தப்பில்லை. கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னான், புடவைத் தலைப்பில் துடைத்து வைக்கச் சொன்னான், பத்து விரலும் முடிந்து திரும்பவும் பெருவிரலுக்கே வந்தது. ஒவ்வொரு தடவையும் அந்தக் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒவ்வொரு தடவையும் பாட்டி அவன் முகத்தைப் பார்த்தார், தான்தான் ஏதோ தப்பாகச் செய்கிறோம் என்பதுபோல. கடைசியில் "நாளைக்குக் காலையில வாங்க பாட்டி, காலையில கொஞ்சம் நல்லா எடுக்கும்" என்றான். அவர் போனதும் பையனிடம் கேட்டேன், இது எப்படிப் பதிவாகும் என்று. 'பெறவில்லை' என்று பதிவாகுமாம். நம்மால் கொடுக்க முடியவில்லை என்று பதிவு செய்ய அந்தத் திரையில் இடம் கிடையாது. மாசக் கடைசியில் இதைப் பார்க்கிற ஒருவருக்கு, பாட்டிக்குப் பணம் தேவைப்படவில்லை என்றுதானே தோன்றும்?

ஏழை யார் என்று கண்டுபிடிக்கிற சூத்திரங்களிலும் இதே கதைதான். கூலி வேலையில் வருமானத்துக்கு ரசீது கிடையாது, அதனால் கூரை என்ன கூரை, தரை என்ன தரை, எத்தனை அறை, டிவி உண்டா, சைக்கிள் உண்டா என்று கேட்டு மதிப்பெண் போட்டு வறுமையை ஊகிக்கிறார்கள். பல வளரும் நாடுகளில் இதுதான் நடைமுறை. கேட்கும்போது அறிவியல்பூர்வமாக இருக்கும். ஆனால் அண்ணன் வீட்டுக் கான்கிரீட் கூரைக்கு அடியில், ஒரு மூலையில், தட்டுச் சோற்றுக்கு முகம் பார்த்துக்கொண்டிருக்கிற விதவைத் தங்கைக்கு அந்தச் சூத்திரத்தில் நல்ல மதிப்பெண் கிடைத்து, ஏழை இல்லை என்று ஆகிவிடும். போன வருஷம் கணக்கெடுத்தபோது நன்றாக இருந்த குடும்பத்தில் இந்த வருஷம் சம்பாதிக்கிற ஆள் படுத்த படுக்கையாகிவிட்டால், அடுத்த கணக்கெடுப்புக்கு இன்னும் நாலைந்து வருஷம் காத்திருக்க வேண்டும்.

அப்புறம் என்னதான் செய்வது என்றால், செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். லெசோத்தோ என்று ஒரு சின்ன நாடு, நாலாபுறமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்தது, உலகத்தின் மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் இருப்பது. 2004-ல் அது 70 வயதானவர்களுக்கு, வேறு அரசு ஓய்வூதியம் வாங்காதவர்கள் எல்லோருக்கும், ஓய்வூதியம் என்று அறிவித்தது. நீ ஏழையா என்று நிரூபிக்கச் சொல்லவில்லை. எய்ட்ஸ் நோய் ஒரு தலைமுறையையே கொண்டுபோன நாடு அது, அம்மா அப்பா இல்லாத பேரக்குழந்தைகளைப் பாட்டிகள்தான் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். கிழவிக்குக் கொடுத்த பணம் குழந்தையின் சாப்பாடாகவும் நோட்டுப் புத்தகமாகவும் மாறியது. வசதியுள்ள சில கிழவர்களும் வாங்கியிருப்பார்கள், அதனால் என்ன? நேபாளம் 1990-களின் நடுவிலேயே 75 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் என்று ஆரம்பித்துவிட்டது. தொகை சின்னதுதான், ஆனால் கேள்வி ஒன்றே ஒன்று, வயது என்ன?

பிரேசில் வேறு வழியில் போனது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கென்று ஒரே பதிவேட்டை 2001-ல் உருவாக்கி, 2003-ல் போல்சா ஃபமிலியா உதவித்தொகையைக் கொண்டுவந்தார்கள். கோடிக்கணக்கானவர்களுக்குக் கிடைத்த பிறகும் மிக மிக ஏழைகள் சிலர் வெளியிலேயே நிற்பது தெரிந்தது. 2011-ல் அதற்கு ஒரு பெயரே வைத்து வேலையை ஆரம்பித்தார்கள், தமிழில் சொன்னால் 'தேடிப் போதல்'. விண்ணப்பம் போடவில்லை என்றால் அது அந்தக் குடும்பத்தின் குறை இல்லை, அவர்களைக் கண்டுபிடிக்காதது அரசின் குறை என்பதுதான் இதன் அடிப்படை. அமேசான் ஆற்றோரக் குடும்பங்களைத் தேடிப் படகில் போனார்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் கிலோம்போ ஊர்கள், குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்கள், தெருவில் தூங்குகிறவர்கள் என்று பிரித்துப் பிரித்துத் தேடினார்கள். 2014-ல் ஐ.நா.வின் பசி வரைபடத்திலிருந்து பிரேசில் வெளியே வந்தது. பிறகு ஆட்சியும் காலமும் மாறி மறுபடி உள்ளே போய், 2025-ல் திரும்பவும் வெளியே வந்தது. தேடுவதை நிறுத்தினால் பசி திரும்பி வந்துவிடும் என்று எனக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட நான் திரும்பத் திரும்ப யாரிடமாவது சொல்லிக்கொண்டிருக்கும் கதை வங்கதேசத்தின் புயல் கதை. 1970 நவம்பரில் போலா புயலில் மூன்று லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் பேர்வரை இறந்தார்கள். நாடு விடுதலை அடைந்த கையோடு, 1972-ல், புயல் எச்சரிக்கைக்கென்று தொண்டர் படை ஒன்றை உருவாக்கினார்கள். கையில் மெகாஃபோன், சைரன், கொடி, இதை வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போவார்கள். அப்படி இருந்தும் 1991 ஏப்ரலில் வந்த புயலில் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள். யார் இறந்தார்கள் என்று அப்புறம் கணக்குப் பார்த்தபோதுதான் நெஞ்சு பதறுகிறது. 20 முதல் 44 வயது வரையிலானவர்களில் ஆண்கள் ஆயிரத்துக்கு 15 பேர் இறந்திருந்தார்கள், பெண்கள் ஆயிரத்துக்கு 71 பேர்.

அதே கடல்தான், அதே காற்றுதான். எச்சரிக்கை கடைத்தெருவிலும் ஆண்கள் கூடும் இடங்களிலும்தான் முதலில் போய்ச் சேர்ந்தது, வீட்டுக்குள் இருந்த பெண்ணுக்கு அது தாமதமாக வந்தது, வந்த பிறகும் புருஷன் வரட்டும் என்று காத்திருந்தாள். புகலிடத்துக்குப் போனால் முன்பின் தெரியாத ஆண்களோடு ஒரே கூடத்தில் ராத்திரி முழுக்க நிற்க வேண்டும், தனிக் கழிப்பறை கிடையாது, போகாமல் இருப்பதே மேல் என்று நினைத்தவர்கள் உண்டு. இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை, தண்ணீருக்குள் காலைச் சுற்றிக்கொள்ளும் புடவை. வீட்டில் ஒரே சொத்து ஒரு மாடு, அதை விட்டுவிட்டு எப்படிப் போவது? புகலிடத்தைக் கட்டியவர்கள் கான்கிரீட்டின் பலத்தைச் சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தார்கள். உள்ளே வரப்போகிறவர் யார் என்ற கணக்கைத்தான் விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் பார்க்கச் சின்னதாகத்தான் இருக்கும். பெண்களுக்குத் தனி அறை, தனிக் கழிப்பறை. மாடுகளை ஏற்ற சாய்தளம், இல்லையென்றால் பக்கத்திலேயே 'கில்லா' என்று சொல்கிற மண் மேடு. தொண்டர் படையில் பெண்களைச் சேர்த்தார்கள், இன்றைக்கு எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். வீட்டுக்குள் வந்து அடுப்படியில் நின்று "கிளம்பும்மா" என்று சொல்ல ஒரு பெண்ணால்தான் முடியும். 2020-ல் ஆம்பன் புயல் வந்தபோது வங்கதேசத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இடம் மாற்றினார்கள், இறந்தவர்கள் சில பத்துப் பேர். வானிலைக் கணிப்பு முன்னேறியது, சாலை வந்தது, கைபேசி வந்தது, எல்லாமே காரணம். ஆனால் அந்தச் சாய்தளத்தையும் கழிப்பறையையும் இந்தக் காரணங்களின் பட்டியலில் அடிக்குறிப்பாகப் போட்டுவிடக் கூடாது என்பதுதான் என் கட்சி. மாடு ஏறும் சாய்தளத்தில் முட்டிவலிக்காரப் பாட்டியும் ஏறிவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் புகலிடங்களில் நிறையவற்றை மற்ற நாட்களில் பள்ளிக்கூடமாகப் பயன்படுத்துகிறார்கள். தினமும் குழந்தைகள் வருவதால் கதவு துருப்பிடிப்பதில்லை, குழாய் உடைந்தால் உடனே தெரிந்துவிடும், ஊரில் எல்லோருக்கும் வழி தெரியும். பூட்டி வைத்துவிட்டுப் புயலுக்கு மட்டும் திறக்கிற கட்டிடம், திறக்கிற அன்றைக்குச் சாவி யாரிடம் என்று தேடும் நிலைக்குத்தான் போகும். நீடித்த வளர்ச்சி என்ற பெரிய சொல்லை எனக்குப் புரியவைத்தது அந்தப் பள்ளிக்கூடக் கட்டிடம்தான்.

அந்தச் சொல்லுக்குப் பின்னாலும் பாதியை விட்டுவிட்ட ஒரு கதை இருக்கிறது. 1987-ல் ஐ.நா. அமைத்த ப்ருண்ட்லாண்ட் ஆணையம் தந்த வரையறையை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்: வருங்காலத் தலைமுறைகள் தம் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் வாய்ப்பைக் கெடுக்காமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றுவது. அதற்கு அடுத்த வரியிலேயே ஆணையம் சொல்கிறது, தேவை என்றால் குறிப்பாக உலகத்து ஏழைகளின் அடிப்படைத் தேவைகள், அவற்றுக்குத்தான் எல்லாவற்றுக்கும் மேலான முன்னுரிமை என்று. இந்த வரியைக் கத்தரித்துவிட்டதால் நீடித்த வளர்ச்சி என்றாலே மரம் நடுவது, பிளாஸ்டிக்கைக் குறைப்பது என்று ஆகிவிட்டது.

கத்தரித்தால் என்ன ஆகும் என்பதற்கு நேபாளத்தின் காடுகள் நல்ல உதாரணம். 1993 வனச் சட்டத்துக்குப் பிறகு காடுகளை ஊர்க் குழுக்களிடம் ஒப்படைத்தார்கள், இன்றைக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன, மொட்டையாகிக் கிடந்த மலைகள் திரும்பப் பச்சையாகிவிட்டன. உலகமே பாராட்டுகிற வெற்றி அது, எனக்கும் அதில் சந்தோஷம்தான். ஆனால் காடு வளரட்டும் என்று முதல் சில வருஷங்கள் யாரும் உள்ளே போகக் கூடாது என்று மூடியபோது அதன் பாரம் யார் தலையில் விழுந்தது? சொந்த நிலத்தில் நாலு மரம் வைத்திருந்தவர்கள் தாக்குப்பிடித்துவிட்டார்கள். விறகு விற்றுப் பிழைத்த பெண்கள், கரி சுட்டு இரும்படித்த தலித் குடும்பங்கள், இவர்களுக்கு அன்றைய அடுப்பே அணைந்தது. தெற்காசியாவின் காட்டுக் குழுக்களை ஆராய்ந்த பொருளியலறிஞர் பினா அகர்வால், குழுவில் பெயர் இருக்கும், ஆனால் கூட்டம் எப்போது என்று பெண்களுக்குச் சொல்ல மாட்டார்கள், வந்தாலும் பேச இடம் இருக்காது என்பதை விரிவாகவே எழுதியிருக்கிறார். பின்னால் விதிகள் மாறின, செயற்குழுவில் பாதி இடம் பெண்களுக்கு, வருமானத்தில் ஒரு பங்கு ஏழைக் குடும்பங்களுக்கு என்று வந்தது. விறகு எங்கே கிடைக்கும், எந்த மாசம் புல் முற்றும் என்று தெரிந்தவர்கள் முதல் நாளே பேசியிருந்தால் மூடுவதற்கே வேறு முறை கிடைத்திருக்கும்.

தண்ணீர்க் கதை இன்னும் கசப்பானது. வங்கதேசத்தில் குளத்து நீரால் வயிற்றுப்போக்கு வந்து குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தார்கள் என்று 1970-களிலிருந்து லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகளை இறக்கினார்கள். நல்ல எண்ணம்தான். 1993-ல் அந்தத் தண்ணீரில் ஆர்செனிக் இருப்பது தெரிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2000-ல் வந்த கட்டுரை அதை வரலாற்றிலேயே மிகப் பெரிய அளவில் மக்கள் நஞ்சேறிய நிகழ்வு என்றது. சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, ஆபத்தான குழாய்க்குச் சிவப்பு, நல்லதற்குப் பச்சை என்று வண்ணம் பூசினார்கள். சரி, பச்சைக் குழாய் யார் வீட்டு முற்றத்தில் இருக்கிறது? அங்கே போய்த் தண்ணீர் பிடிக்க எந்தச் சாதிக்கு, எந்தப் பெண்ணுக்கு, எந்த நேரத்தில் அனுமதி? ஆழமான புதுக் கிணறுகளிலும் நிறைய, செல்வாக்குள்ளவர்களின் வாசலுக்கே போனதை 2016-ல் மனித உரிமை அமைப்பு ஒன்றின் அறிக்கை விவரமாகச் சொன்னது. நிலத்தடி நீரின் வேதியியலைச் சரிசெய்ய ஆட்கள் வந்தார்கள், ஊருக்குள் இருந்த பழைய ஏற்றத்தாழ்வைப் பற்றி இப்படி ஒரு அறிக்கை வர ஒரு வருஷம் இல்லை, இருபது வருஷத்துக்கு மேல் ஆனது.

ஆப்பிரிக்காவில் ராட்டினப் பம்பு என்று ஒன்று வந்தது, குழந்தைகள் சுற்றி விளையாடினால் தண்ணீர் மேலே ஏறும். 2006-ல் பெரிய பணம் திரண்டது, 2010-க்குள் 4,000 பம்புகள் என்று இலக்கு வைத்தார்கள். சொன்ன அளவு தண்ணீர் கிடைக்கக் குழந்தைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்று கணக்குப் போட்டுக் காட்டியது. குழந்தைகள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் வயதான பெண்கள் குனிந்துகொண்டு அந்த ராட்டினத்தைத் தள்ளிச் சுற்றினார்கள். பழைய கைப்பம்பைப் பிடுங்கிவிட்டு இதை வைத்த இடங்களில், கைப்பம்பையே திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். தண்ணீர் எடுக்கப்போவது யார் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். வீட்டில் குழாய் இல்லாத குடும்பங்களில் பத்தில் ஏழில் தண்ணீர் கொண்டுவருவது பெண்களும் சிறுமிகளும்தான்.

கடைசி ஆளைக் கணக்கில் வைத்துத் தொடங்கியதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணத்தையும் சொல்லிவிடுகிறேன். வங்கதேசத்தின் பிராக் (BRAC) என்ற தொண்டு நிறுவனம் சிறுகடன் கொடுப்பதில் உலகப் பெயர் வாங்கியது. ஆனால் மிக ஏழைகளான பெண்கள் அந்தக் கடன் பக்கமே வரவில்லை என்பதை அவர்களே கவனித்தார்கள். நாளைக்குச் சாப்பாடு இல்லாதவள் அடுத்த வாரத் தவணைக்கு எப்படித் துணிவாள்? 2002-ல் இவர்களுக்கென்றே தனித் திட்டம் கொண்டுவந்தார்கள். ஊர்க்காரர்களே தரையில் ஊரின் வரைபடத்தை வரைந்து, யார் வீட்டில் என்ன நிலைமை என்று பேசிப் பேசி அடையாளம் காட்ட வேண்டும். தேர்வான பெண்ணுக்கு மாடோ ஆடோ கொடுத்து, அது பலன் தரும்வரை வாராவாரம் சாப்பாட்டுக்குச் சிறு தொகை கொடுத்து, ஒருவர் வீட்டுக்கே வந்து இரண்டு வருஷம் கூடவே நிற்பார். எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு என்று ஆறு நாடுகளில் பத்தாயிரத்துச் சொச்சம் பேரிடம் இதைச் சோதித்த முடிவுகள் 2015-ல் வந்தன. உதவி நின்று ஒரு வருஷம் ஆன பிறகும் சாப்பாடும் சேமிப்பும் முன்னைவிட மேலாகவே இருந்தன. ஹோண்டுராஸில் மட்டும் கொடுத்த கோழிகள் நோய் வந்து செத்துப்போய்ப் பலன் நிற்கவில்லை. இதைப் படித்தபோது அந்தக் கோழிகளை நம்பியிருந்த பெண்ணைத்தான் நினைத்தேன், ஆராய்ச்சியின் சராசரியை இல்லை.

சட்டத்திலும் இப்படி ஒரு வரி எழுத முடியும். இந்தியாவில் 2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், வேலையிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நிறுத்த வேண்டும், அவருக்கும் முழுக் கூலி என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர் மனதில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றிருக்க வேண்டும். நிறைய இடங்களில் அது நடைமுறைக்கு வராமலே போனது வேறு விஷயம், அந்த வரி இருந்ததால் கேட்கவாவது முடிந்தது.

அந்தக் கணக்கெடுப்புக்கே திரும்பி வருகிறேன். இரண்டு நாள் கழித்து சூப்பர்வைசர் கூப்பிட்டார். என் படிவம் ஒன்றில் முரண்பாடு இருப்பதாகக் கணினி காட்டுகிறதாம். மாற்றுத்திறனாளி இல்லை என்று ஒரு இடத்தில், பார்க்க முடியவே முடியாது என்று இன்னொரு இடத்தில். "ஏதாவது ஒண்ணை மாத்திடும்மா, இல்லைன்னா ஏத்துக்காது" என்றார். நல்ல மனிதர்தான், அவருக்கும் மேலே ஒருவர் எண்ணிக்கை கேட்டுக்கொண்டிருந்தார். முதல் பதிலை 'ஆம்' என்று மாற்றினால் படிவம் ஏறிவிடும், பெரியவரும் கணக்கில் வந்துவிடுவார். ஆனால் அந்த அம்மா 'ஆம்' என்று சொல்லவே இல்லையே. மாற்றிவிட்டால், பழைய கேள்வியிலேயே எல்லாம் சரியாகக் கிடைக்கிறது என்றுதானே அடுத்த படிவத்தை எழுதுகிறவர் நினைப்பார்?

"இது முரண்பாடு இல்லை சார், அவங்க சொன்னது ரெண்டுமே உண்மை" என்றேன். அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் குறிப்பு எழுதும் பெட்டியைத் திறந்து டேப்பை என் பக்கம் தள்ளினார். முதல் கேள்விக்கு இல்லை என்றார், கண் தெரியாது என்றும் சொன்னார், இரண்டையும் அப்படியே விட்டிருக்கிறேன் என்று எழுதினேன். அவர் கீழே தன் பெயரைச் சேர்த்து அனுப்பிவிட்டு, இதே மாதிரி இன்னும் எத்தனை வீடு இருக்கும் என்று கேட்டார். முடித்திருந்த வீடுகளின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் முதல் வீட்டிலிருந்து பார்க்க ஆரம்பித்தோம்.